வரைந்த சூப்பர்ஹீரோவா, ஆள் நடித்த சூப்பர்ஹீரோவா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பிள்ளைகளுக்கு என்ன படம் போடுவது என்ற பேச்சு எழும். சூப்பர்ஹீரோ படம் என்று முடிவானதும் அடுத்த வாக்குவாதம் தொடங்கும்: கார்ட்டூனா, ஆள் நடித்ததா? பெற்றோர், தாத்தா பாட்டி, இடைநிலைப்பள்ளி மாணவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை அவரவர் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம்.

எடுத்துக்காட்டாக அதிகம் வருவது ஸ்பைடர்மேன்தான். இரண்டு வகையிலும் நல்ல படங்கள் இருப்பதால் ஒப்பிட வசதி. கீழே ‘2018 படம்’ என்றால் ‘ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ என்ற அனிமேஷன் படம். ‘2002 படம்’ என்றால் சேம் ரைமி இயக்கி, டோபி மெக்வயர் நடித்த ‘ஸ்பைடர்மேன்’.

கார்ட்டூன்தானே, சின்னப் பிள்ளைங்க பார்க்குறதுதானே?

வரைந்து எடுப்பது ஒரு முறை, அவ்வளவுதான். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1993-இல் வந்த ‘பேட்மேன்: மாஸ்க் ஆஃப் த ஃபேன்டஸம்’ 76 நிமிட கார்ட்டூன் படம். அதில் பேட்மேன் கொட்டும் மழையில் பெற்றோரின் கல்லறை முன் மண்டியிட்டு, குற்றத்தை எதிர்த்துப் போராடுவதாகக் கொடுத்த சத்தியத்திலிருந்து தன்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். ஒரு பெண்ணோடு வாழ ஆசைப்பட்டுவிட்டான், அதுதான் காரணம். ஏழு வயதுப் பையன் அந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். வீட்டுக் கடமைக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட ஒருவர் அந்தக் காட்சியில் அசைய மாட்டார்.

அனிமேஷன்னா கம்ப்யூட்டரே செஞ்சிடும்தானே? ஆளுக்கு என்ன வேலை?

கம்ப்யூட்டர் உருவத்தை வைத்திருக்கும். அதை நடிக்க வைப்பது ஆள். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அந்த ஒரு நொடிக்குள் பையன் தோளை எப்போது தூக்குகிறான், தலைக்கு முன் கண் திரும்புகிறதா, கால் ஊன்றும்போது முட்டி எவ்வளவு மடங்குகிறது என்பதையெல்லாம் அனிமேட்டர் ஒவ்வொரு நிலையாக நிறுத்திச் சரிசெய்வார்.

2018 படத்துக்கு 140-க்கும் மேற்பட்ட அனிமேட்டர்கள் உழைத்தார்கள். ஒருவர் ஒரு வாரம் முழுக்க வேலை செய்தால் சுமார் ஒரு நொடிக் காட்சி தேறியது. வழக்கமான கம்ப்யூட்டர் அனிமேஷனைவிட இது மிக மெதுவான வேகம். உருவத்தை அசைத்ததோடு விடாமல், முகச் சுருக்கம், புருவக் கோடு எல்லாவற்றையும் மை கொண்டு இழுத்ததுபோல மேலே வரைந்ததும் இதற்கு ஒரு காரணம். படம் 117 நிமிடம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

படம் விட்டு விட்டு ஓடுற மாதிரி இருக்கே, லைன் ஸ்லோவா, டிவி கெட்டுப்போச்சா?

படம் நின்று நடுவில் வட்டம் சுற்றினால் அது இணைய லைன். பேச்சு தடையில்லாமல் வர, ஆள் மட்டும் வெட்டி வெட்டி நகர்ந்தால் அது வேண்டுமென்றே செய்தது. 2018 படத்தின் பல இடங்களில், மேலே சொன்ன 24 படங்களில் ஒவ்வொரு நிலையையும் இரண்டு படங்களுக்கு அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆக நொடிக்கு 12 நிலைதான். துறைக்காரர்கள் இதை ‘ஆன் டூஸ்’ என்பார்கள். ஒவ்வொரு படத்துக்கும் புது நிலை வந்தால் ‘ஆன் ஒன்ஸ்’.

இதில்தான் படத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. காட்டுக்குள் பழைய ஸ்பைடர்மேன் பீட்டரும், புதிதாக ஸ்பைடர்மேன் ஆன பையன் மைல்ஸும் வலைபோட்டுத் தாவும் காட்சியைக் கவனியுங்கள். அனுபவசாலியான பீட்டர் நொடிக்கு 24 நிலையில் வழுக்கிக்கொண்டு போகிறார். கற்றுக்குட்டி மைல்ஸ் 12 நிலையில் தடுமாறுகிறான். வசனமே தேவைப்படவில்லை. ஒருவன் தேர்ந்தவன், ஒருவன் இன்னும் தேறவில்லை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. மைல்ஸ் தேறத் தேற அவன் அசைவும் சீராகிறது.

உங்கள் டிவி இதைக் கெடுக்கக்கூடும். புது டிவிகளில் இரண்டு படத்துக்கு நடுவே தானாக ஒரு படத்தைக் கற்பனை செய்து நுழைக்கும் வசதி இருக்கிறது. எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, சாம்சங்கில் ‘பிக்சர் கிளாரிட்டி’ என்ற பெயரில் இருக்கும். கால்பந்துக்கு அது நல்லது. இந்தப் படத்தில் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை அடைத்து, கை கால் ஓரங்களில் கூழ்போல ஒரு கலங்கலை உண்டாக்கும். செட்டிங்ஸில் பிக்சர் பகுதிக்குப் போய் அதை அணையுங்கள். கிடைக்கவில்லையென்றால் பிக்சர் மோடை ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ என்று மாற்றிப் பாருங்கள். பல டிவிகளில் இந்த அமைப்பு ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ துளைக்கும் தனித்தனியாக இருக்கும். ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாற்றியது மடிக்கணினிக்குச் செல்லாது.

ஓரத்துல சிவப்பும் நீலமும் தள்ளித் தள்ளி நிக்குது. 3டி கண்ணாடி போடணுமா?

வேண்டாம். பழைய நாள்காட்டியிலும் திருவிழா நோட்டீஸிலும் அச்சு சற்று விலகி, ஒரு நிறம் கோட்டுக்கு வெளியே விழுந்திருக்கும் அல்லவா? அந்தக் கால காமிக்ஸ் புத்தகங்களும் அப்படித்தான் இருக்கும். 2018 படம் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. கேமராவில் பின்னணி மங்கலாகத் தெரியவேண்டிய இடத்தில், மங்கலாக்குவதற்குப் பதில் நிறங்களைப் பிரித்து நகர்த்தியிருக்கிறார்கள். நிழலிலும் வெளிச்சத்திலும் தெரியும் புள்ளிகளும் அச்சுப் புள்ளிகள்தான்.

அப்ப ஆள் நடிச்ச படத்துல இந்த வேலையைச் செய்ய முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 2003-இல் ஆங் லீ எடுத்த ‘ஹல்க்’ படம் திரையைக் காமிக்ஸ் பக்கம்போலக் கட்டம் கட்டமாகப் பிரித்தது. துணிச்சலான முயற்சி, அதை மதிக்கிறோம். ஆனால் கட்டம் வரைந்தது, உள்ளே நிற்பவர் நிஜ மனிதர். இரண்டும் ஒட்டவில்லை. வரைந்த படத்தில் கட்டமும் ஆளும் ஒரே மையில் பிறந்தவை.

வரைஞ்ச முகத்துல எப்படி அழுகை வரும்? நடிப்புன்னா ஆளுதானே?

இந்தக் கேள்வி நியாயமானது. நிஜ முகத்துக்கு ஈடு நிஜ முகம்தான். 2021-இல் வந்த மலையாளப் படம் ‘மின்னல் முரளி’யைத் தமிழ் ஒலியோடு பார்த்திருப்பீர்கள். அதில் வில்லனாக வரும் நம் குரு சோமசுந்தரம், ஊரே ஒதுக்கிவைத்த மனிதனாக, பல வருடம் மனத்துக்குள் வைத்திருந்த காதலைச் சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் ஒரே உதட்டில் நடுங்கும். அந்த நடுக்கம் முன்கூட்டியே திட்டமிட்டு வைக்கிற ஒன்று என்று எங்களால் நினைக்க முடியவில்லை.

ஆனால் சூப்பர்ஹீரோவுக்கு முகமூடி இருக்கிறது. அங்கே நிலைமை தலைகீழ். ஆள் நடித்த ஸ்பைடர்மேனின் முகமூடியில் கண்ணும் வாயும் தெரியாது. அதனால் உணர்ச்சியான இடம் வந்தால் முகமூடியைக் கழற்றியோ கிழித்தோ ஆகவேண்டும். 2004-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ரயிலை நிறுத்தும் காட்சியில் அதைத்தான் செய்தார்கள், அருமையாகவும் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் கழற்ற முடியாதே. கார்ட்டூனில் முகமூடியின் வெள்ளைக் கண்ணே சுருங்கும், விரியும், சாயும். இந்த வசதியைப் பார்த்து ஆள் நடித்த படங்களும் கடன் வாங்கின. டாம் ஹாலண்ட் அணியும் உடையில், 2016 முதல், கண் வில்லைகள் இயந்திரம்போலச் சுருங்கி விரிவது அதற்காகத்தான்.

2018 படத்தில் இன்னொரு இடம்: கட்டிப்போடப்பட்டு வாயடைத்துக் கிடக்கும் மைல்ஸ் கதவுக்கு உள்ளே, போலீஸ்கார அப்பா வெளியே. மகன் கோபத்தில்தான் பதில் பேசவில்லை என்று நினைத்து, அப்பா கதவைப் பார்த்தே பேசிவிட்டுப் போகிறார். அழுகை வருமா என்று கேட்டவர்கள் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சண்டை எதுல நல்லா இருக்கும்?

கனம் வேண்டுமென்றால் ஆள் நடித்தது. வேகமும் வடிவமும் வேண்டுமென்றால் வரைந்தது. 2008-இல் வந்த ‘த டார்க் நைட்’டில் பெரிய லாரி ஒன்று நடுத்தெருவில் தலைகுப்புறப் புரள்கிறது. சிகாகோ நகரத் தெருவில் நிஜ லாரியை நிஜமாகவே புரட்டினார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் சாய்வதைப் பார்த்த கண்ணுக்கு அந்த எடை உடனே தெரியும்.

2002 படத்தில் ஒரு சின்ன இடம் இன்னும் நல்ல உதாரணம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வழுக்கி விழும் பெண்ணைப் பிடித்துக்கொண்டே, பறக்கும் சாப்பாட்டையெல்லாம் பீட்டர் ஒரே தட்டில் ஏந்துவான். அதில் கம்ப்யூட்டர் வேலை இல்லை. தட்டைக் கையில் பசை போட்டு ஒட்டி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தடவை எடுத்த காட்சி. அதை வரைந்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். வரைந்தவன் எதை வேண்டுமானாலும் பிடிப்பான். அதேபோல மைல்ஸ் உயரமான கட்டடத்திலிருந்து குதிக்கும்போது, விரலில் ஒட்டிய கண்ணாடி பெயர்ந்து வர, கேமரா தலைகீழாகி அவன் விழுவது எழுவதுபோலத் தெரியும். நிஜ உடம்பை வைத்து அதை எடுத்தால் கயிறும் பச்சைத் திரையும்தான் ஞாபகத்துக்கு வரும்.

இப்ப ஆள் நடிச்ச படமே பாதி கம்ப்யூட்டர்தானே?

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். வானத்தில் தாவும் ஸ்பைடர்மேன் பல காட்சிகளில் கணினியில் செய்த உருவம்தான். இது புதுப் பழக்கமும் இல்லை. 1948-இல் வந்த சூப்பர்மேன் தொடர்படத்தில், நடிகர் கர்க் அலின் தரையிலிருந்து கிளம்பியதும் கார்ட்டூனாக மாறிப் பறப்பார். இறங்கும்போது மறுபடி மனிதராகிவிடுவார். அதற்கு முன்பே, 1941 முதல் 1943 வரை, ஃப்ளைஷர் ஸ்டூடியோ தொடங்கிவைத்த 17 சூப்பர்மேன் குறுங்கார்ட்டூன்கள் வந்துவிட்டன. ஆக, பறக்கும் வேலையை முதலில் செய்துகாட்டியது கார்ட்டூன்தான்.

கோச்சடையான் மாதிரி பொம்மையா இருக்குமோன்னு பயமா இருக்கு.

அந்தப் பயம் இங்கே தேவையில்லை. 2014-இல் வந்த ‘கோச்சடையான்’ நடிகர்களின் அசைவைப் பதிவுசெய்து, நிஜ மனிதர்போலவே காட்ட முயன்றது. மனித முகத்துக்கு மிக அருகில் போகும்போதுதான் சின்னப் பிழையும் பெரிதாகத் தெரியும். கண்ணில் ஈரம் குறைந்தாலோ உதடு ஒரு நூல் பிந்தினாலோ மனம் ஒப்பாது. ரஜினியின் முகத்தை நாம் ஆயிரம் தடவை பார்த்திருப்பதால் இன்னும் கஷ்டம். 2018 படம் எதிர்த்திசையில் போனது. கோடு, புள்ளி, தள்ளி விழுந்த நிறம் என்று, இது வரைந்ததுதான் என்று முதல் நிமிடத்திலேயே ஒப்புக்கொள்கிறது. பிறகு யாரும் ஒப்பிட மாட்டார்கள்.

கார்ட்டூன் எடுக்க செலவு கம்மிதானே?

2018 படத்துக்கு ஏறக்குறைய 90 மில்லியன் டாலர். 2002 படத்துக்கு 139 மில்லியன், 2007-இல் வந்த அதன் மூன்றாம் பாகத்துக்கு 258 மில்லியன். குறைவுதான், ஆனால் மலிவு என்று சொல்லும் தொகை இல்லை. காசு மிச்சமாகும் இடத்தில் காலம் போகும். 2018 படத்தின் அடுத்த பாகம் 2023-இல்தான் வந்தது, அதில் ஏறத்தாழ ஆயிரம் கலைஞர்கள் பங்கெடுத்தார்கள்.

தமிழ்ல போடலாமா, இங்கிலீஷ்லயே விட்டுடலாமா?

பாட்டி பார்க்கிறார் என்றால் தமிழ். யோசிக்கவே வேண்டாம். அனிமேஷனுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. ஆள் நடித்த படத்தில் அந்த நடிகரின் சொந்தக் குரல் நமக்குத் தெரியும், மாற்றுக்குரல் உறுத்தும். வரைந்த உருவத்துக்கு எந்தக் குரலையும் மனம் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் நட்டமும் உண்டு. 1993 பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய், முகமூடி இல்லாத புரூஸுக்கு ஒரு குரலும் பேட்மேனுக்கு ஒரு குரலும் வைத்திருந்தார். அதை மூலக் குரலில்தான் கேட்கவேண்டும்.

2018 படத்தில் திரையிலேயே எழுத்துக்கட்டங்கள் வரும். ஒலியை மாற்றினாலும் அவை ஆங்கிலத்திலேயே இருக்கும். பக்கத்தில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றை உட்கார வையுங்கள். மைல்ஸின் அம்மா இடையிடையே ஸ்பானிஷ் பேசுவார். மூலத்தில் அதற்கு மொழிபெயர்ப்பே போடவில்லை. வீட்டில் தமிழும் பள்ளியில் மலாயும் நண்பர்களோடு ஆங்கிலமும் பேசும் நம் பிள்ளைகளுக்கு அது விளங்காமல் போவதில்லை. 2023 படம் இந்தியாவில் தமிழிலும் வெளியானது. நீங்கள் வைத்திருக்கும் பிரதியில் தமிழ் ஒலி இருக்கிறதா என்று முதல்நாளே பட்டியலைத் திறந்து பாருங்கள்.

என் பிள்ளைக்கு ஆறு வயசு. பயந்துடுவானா?

வரைந்தது என்பதால் மென்மையாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2018 படத்தில் முக்கியமான இருவர் இறக்கிறார்கள், அதில் ஒருவர் மைல்ஸின் அப்பாவின் சகோதரர். ரத்தம் அதிகம் இல்லை, துக்கம் இருக்கிறது. ஆறு வயதுக்கு, பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும். தணிக்கை வகையையும் பாருங்கள்: ‘யு’ என்றால் எல்லாருக்கும், ‘பி12’ என்றால் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குப் பெரியவரின் வழிகாட்டல் வேண்டும்.

பயத்தைவிட முக்கியம் வெளிச்சம். 2018-இல் ‘இன்கிரெடிபிள்ஸ் 2’ வெளியானபோது, அதிலுள்ள வெட்டி வெட்டி அடிக்கும் வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடும் என்று திரையரங்குகளில் எச்சரிக்கை ஒட்டினார்கள். ஸ்பைடர்-வெர்ஸ் படங்களிலும் பெரிய இயந்திரம் ஓடும் காட்சிகளில் கண்கூசும். வலிப்பு வந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் போடவே வேண்டாம். மற்ற பிள்ளைகளுக்கும் அறை விளக்கு ஒன்றை எரியவிட்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார வையுங்கள்.

நம்ம நாட்டுல இந்த மாதிரி ரெண்டு விதத்துலயும் வந்த ஹீரோ இருக்கா?

இருக்கிறார், கெலுவாங் மேன். கெலுவாங் என்றால் பெரிய பழந்தின்னி வௌவால். 1998-இல் அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் கார்ட்டூன் தொடராக வந்தார். பகலில் மனநல மருத்துவமனையில் இருக்கும் போர்ஹான், இரவில் வௌவால் வேடத்தில் திருடர்களைப் பிடிப்பார். 2025-இல் அதே பாத்திரத்தை வைத்து ஆள் நடித்த படமும் வந்தது. இரண்டையும் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மனநோயாளி ஒருவரை வரைந்து காட்டினால் பிள்ளைகள் தயங்காமல் சிரிப்பார்கள். அதே இடத்தில் நிஜ மனிதரின் முகம் வந்தால் சிரிப்பதா இரங்குவதா என்று மனம் ஒரு நொடி நிற்கும். இது ஆள் நடித்த படத்தின் சுமை, பலமும்கூட.

2006-இல் வந்த ‘சிச்சாக்மேன்’ ஆள் நடித்த பல்லிமனிதன் நகைச்சுவைப் படம். வரைந்ததில் 2016, 2019 ‘போபொய்பாய்’ படங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இவை முதலிலேயே தெரிந்திருக்கும்.

மண்டபத்துல பெரிய திரை கட்டிப் போடலாமா?

போடலாம், முதலில் அனுமதி. வீட்டுக்கு வாங்கிய நெட்ஃபிளிக்ஸ் சந்தா வீட்டுக்கு மட்டும்தான். இலவசமாகக் காட்டினாலும் பொதுக்காட்சிக்கு உரிமையாளரிடமோ விநியோகஸ்தரிடமோ எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். தணிக்கை ஆன பிரதியாகவும் இருக்கவேண்டும். 1987 பதிப்புரிமைச் சட்டமும் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டமும் மண்டபத்துக்கும் பொருந்தும்.

நம் மண்டபங்களில் சன்னல் பெரிது, திரைச்சீலை கிடையாது. நம் ஊரில் இருட்ட இரவு ஏழரை, எட்டு ஆகிவிடும், அதற்கு முன் தொடங்காதீர்கள். நூறு அங்குலத் திரைக்கு 3000 லூமன்ஸ் வெளிச்சம் தரும் புரொஜெக்டர் வேண்டும். அரைகுறை இருட்டில் படத்தேர்வுதான் எல்லாம். 2022-இல் வந்த ‘த பேட்மேன்’ ஏறக்குறைய மூன்று மணி நேரமும் இருட்டிலேயே நடக்கிறது, மண்டபத்தில் போட்டால் சாம்பல் நிறச் சுவரைத்தான் பார்ப்பீர்கள். கெட்டியான நிறமும் கறுப்புக் கோடும் கொண்ட 2018 படம் அதே வெளிச்சத்தில் தாக்குப்பிடிக்கும். 2004-இல் வந்த ‘த இன்கிரெடிபிள்ஸ்’, 115 நிமிடம், அதைவிடப் பாதுகாப்பான தேர்வு. முதலில் சொன்ன 1993 பேட்மேன் கார்ட்டூன்தான், ஆனாலும் இருட்டானது. அது வீட்டுக்கு.

ஸ்பீக்கரைத் திரைக்கு இருபுறமும், உட்கார்ந்திருப்பவர் காது உயரத்தில் வையுங்கள். பின்சுவரில் வைத்தால் வசனம் எதிரொலித்து ஒன்றும் புரியாது. தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் எந்த ஸ்பீக்கரும் வெல்லாது. படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் கொடுங்கள்.

சரி, மழுப்பாம சொல்லுங்க: எது உசத்தி?

ஆளைப் பொறுத்தது. ஸ்பைடர்மேன் என்றால் வரைந்தது, அதிலும் 2018 படம். அவன் உடம்பு வளையும் விதம் கோட்டுக்கென்றே பிறந்தது. சூப்பர்மேன் என்றால் ஆள் நடித்தது. 1978 படத்தில் கிறிஸ்டபர் ரீவ் ஒரு வீட்டு வரவேற்பறையில் கூச்ச சுபாவக்காரராக நிற்கிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூன் நிமிர்ந்து, குரலைத் தாழ்த்துகிறார். வேறெதுவும் நடக்கவில்லை, ஆனால் அங்கே நிற்பது வேறு ஆள். வரைந்த உருவம் நிமிர்ந்தால் யாருக்கும் வியப்பு வராது. தட்டு ஏந்திய காட்சிக்குச் சொன்ன அதே காரணம்தான். பேட்மேனில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு: வில்லன் ஜோக்கருக்கு 2008 படம், பேட்மேனுக்கு 1993 படம் என்பது பெரும்பான்மை.

ரெண்டு ஸ்பைடர்மேனையும் ஒரே நாள்ல பார்க்கணும்னா எதை முதல்ல போடுறது?

2002 படத்தை முதலில் போடுங்கள், 121 நிமிடம். 2018 படம் தொடங்கும்போதே பழைய படங்களின் தலைகீழ் முத்தம், ரயில், தெரு நடனம் எல்லாவற்றையும் வரைந்து காட்டி விளையாடும். அசலைப் பார்த்தவருக்குத்தான் அது ருசிக்கும். நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் விடுங்கள், கண்ணுக்கும் ஓய்வு. 2023 படத்தை அதே நாளில் சேர்க்காதீர்கள். அது 140 நிமிடம், கதையும் பாதியில் நிற்கும், பிள்ளைகள் தூங்க மாட்டார்கள்.

2018 படத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிடாதீர்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு துண்டுக் காட்சி இருக்கிறது. 1967-இல் வந்த பழைய கார்ட்டூன் ஸ்பைடர்மேனின் உலகத்துக்குள் புது ஆள் ஒருவர் போய் நிற்க, இருவரும் ஒருவரையொருவர் விரல் நீட்டிச் சண்டை போடுவார்கள்.